நஜீமுக்குக் கையளிக்கப்பட்ட வீடு

புதிய வாசல் மறுவாழ்வு இல்லத்தில், போதையிலிருந்து முழுதாக மீண்டிருந்தும் வெளியே போக முடியாமல் இருந்த ஒரே ஆள் நஜீம். அவனோடு சேர்ந்தவர்களில் பலர் மீளாமலே வெளியே போயிருந்தார்கள். அவனுக்கு முன்னே சேர்ந்த சிலர் திரும்பி வந்து, இரண்டாம் தரமும் வெற்றிகரமாக முடித்து, மூன்றாம் தரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். நஜீம் மட்டும் ஒன்பது மாதத் திட்டத்தில் பதினான்காவது மாதத்தில் இருந்தான்.

இல்லம் கல்முனைக்கு வடக்கே கடற்கரை வீதியில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபம், இருபத்துநான்கு கட்டில்கள், ஒரு ஜெபக்கூடம், ஒரு குசினி, குளிரூட்டிய ஓர் அலுவலகம். கிறிஸ்தவர்கள் நடத்தும் இல்லம் என்றாலும் வாசற்பலகையில் ‘எம்மதத்தவரும் வரலாம்’ என்று எழுதியிருந்தது, அது பொய்யில்லை. காலை ஜெபத்தில் நஜீம் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். தன் தொழுகையைக் களஞ்சிய அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தொழுதுகொள்வான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நோன்பு காலத்தில், சமையல் வேலை செய்யும் குசினி அக்கா அவனுக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சி மூடி வைத்தார்.

இல்லத்தின் பொறுப்பாளர் பாஸ்டர் தங்கராசாவும் நல்ல மனிதர்தான். ஆரம்பத்தில் நடுக்கம் வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். சாப்பிட மாட்டேன் என்றவர்களுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பாராம். பிறகு வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து ஒரு கைநூல் வந்தது. நல்ல மனிதரின் கையில் முந்நூறு பக்கக் கைநூல் ஒன்று கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் நஜீமை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நஜீம் அக்கரைப்பற்றுக்காரன். வெட்டுமெசின் ஓட்டுபவன். அறுவடை தொடங்கினால் சாகாமம் வயல்களில் மெசின் இரவு பகலாக ஓட வேண்டும். மழைக்கு முன்னால் நெல் ஏற வேண்டும். கண் சொருகாமல் இருக்க யாரோ ஒருவன் ஐஸ் என்ற போதைப்பொருளைக் கொடுத்தான். முதல் போகம் மெசினுக்காக ஐஸ் எடுத்தான். அடுத்த போகம் ஐசுக்காக மெசின் ஓட்டினான். அதற்கடுத்த போகம் மெசின் வேறொருவனிடம் போய்விட்டது. வீட்டில் தண்ணீர் மோட்டரைக் காணவில்லை, மின்விசிறியைக் காணவில்லை, காஸ் சிலிண்டரைக் காணவில்லை. கடைசியில் ஒருநாள் முன்கதவின் பித்தளைப் பூட்டையே கழற்றி விற்றான். மனைவி முஸ்பிறாவின் வாப்பா, வீடு கட்டி முடித்த அன்று தன் கையால் பொருத்திய பூட்டு அது. முஸ்பிறா ஒரு சத்தமும் போடவில்லை. கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக்கதவு ஒன்று போடுவித்துப் பூட்டி, அதன் திறப்பைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

நஜீமைக் கல்முனையில் கொண்டுபோய் விட்டது முஸ்பிறாவின் மூத்த சகோதரர் இஹ்ஸான் காக்கா. அக்கரைப்பற்றில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். ஊர் வாய்க்குப் பயந்தவர். நஜீம் கட்டாருக்கு வேலைக்குப் போயிருப்பதாக ஊரில் சொல்லி வைத்தார். ஆறு வயது மகள் றுஸ்தாவுக்கும் அதையே சொன்னார்கள். எங்கள் கரையில் ஒரு மனிதன் காணாமல் போக மரியாதையான ஒரே இடம் கட்டார்தான்.

கைநூலின்படி மீட்சிக்கு ஆறு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிற ரிப்பன், ஒரு படிவம். மூன்றாம் படி கண்ணீர். ‘பயனாளி குழுவின் முன் அழுதாரா? ஆம் / இல்லை / ஓரளவு’ என்று படிவம் கேட்டது. நஜீமுக்குக் குழுவின் முன் அழுகை வரவில்லை. களஞ்சிய அறையில், பித்தளைப் பூட்டை நினைத்து, அரிசி மூட்டையில் முகத்தை வைத்து அரை மணித்தியாலம் அழுதான். அதைப் போய்ச் சொன்னபோது, கணினியும் கையுமாகத் திரியும் இணைப்பாளர் பவிதரன், சாட்சி இல்லாத கண்ணீரைப் பதிய ஏலாது என்று வருத்தத்தோடு சொன்னான். நல்லகாலம், அரிசி அள்ள வந்த குசினி அக்கா பார்த்திருந்தார். அவர் சாட்சிக் கையெழுத்து வைத்து, ‘தொழில்முறைத் தகைமை’ என்ற கோட்டில் ‘சமையல்’ என்று எழுதிக் கொடுத்தார். நஜீமுக்கு ஊதா ரிப்பன் கிடைத்தது.

ஐந்து ரிப்பன்களை ஒன்பது மாதத்தில் வாங்கிவிட்டான். ஆறாவதில்தான் மாட்டிக்கொண்டான்.

ஆறாம் படியின் பெயர் ‘தலைமை மீட்பு’. ஆண் தன் வீட்டின் தலைமையை இழப்பதால்தான் போதைக்குப் போகிறான் என்பது கைநூலின் கண்டுபிடிப்பு. ஆகவே பட்டமளிப்பு நாளில் மனைவி மேடைக்கு வந்து, வீட்டுத் திறப்பைக் கணவனின் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ‘இல்லத் தலைமை ஒப்படைப்புப் பத்திரம்’ என்றொரு படிவத்தில் அவள் கையெழுத்து வைக்க வேண்டும். ‘மேற்படி வீட்டையும் அதன் திறப்பையும் எனது கணவரிடம் பூரண மனதுடன் ஒப்படைக்கிறேன்’ என்று அதில் இருந்தது. இரண்டு சாட்சிகள், ஒரு சமாதான நீதவானின் முத்திரை. பத்திரம் வந்து சேராமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் வெளியே விடுவதில்லை. அந்த வருடம் இல்லத்துக்குப் பன்னிரண்டு தலைமை மீட்பு என்று இலக்கு வைத்திருந்தார்கள். பதினொரு மனைவிமார் கையெழுத்து வைத்துத் திறப்பையும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது நஜீம்.

கைநூலை எழுதியவர்களுக்கு எங்கள் கரையைப் பற்றி ஒரு சின்ன விஷயம் தெரியாது. இங்கே வீடு பெண்ணுக்கு. பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீடு பிறகு அவளுடைய மகளுக்கு. முஸ்லிம்களும் அப்படித்தான், தமிழர்களும் அப்படித்தான். ஆணுக்குப் பிறந்த வீடு தங்கச்சியோடு போய்விடும். வந்த வீடு மனைவியோடது. நஜீமின் உம்மாவின் வீடு, தங்கச்சி றுஸ்னாவின் கல்யாணத்தோடு அவளுக்குப் போய்விட்டது. இல்லாத வீட்டுக்கு அவனைத் தலைவனாக்கத்தான் இவர்கள் ஐந்து மாதமாகப் பாடுபட்டார்கள்.

பத்திரம் அக்கரைப்பற்றுக்குப் போனதும் வீட்டில் பூகம்பம் வந்தது. முஸ்பிறாவின் உம்மா சபியா உம்மா அன்று பகல் சாப்பிடவில்லை. இஹ்ஸான் அதை ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோனார். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, முப்பது வருடத்தில் இப்படியோர் உறுதிப் பத்திரத்தைத் தான் கண்டதில்லை, ஆகவே கையெழுத்து வைக்க வேண்டாம் என்றார். இஹ்ஸான் வீட்டுக்கு வந்து சொன்னது ஊரில் இன்றைக்கும் பேச்சு.

“ஐஸ் அடிச்ச நேரம் பூட்டத்தான் வித்தான். திருந்தின பொறகு வீட்டயே எழுதிக் கேக்கான்.”

மாதத்தின் முதல் ஞாயிறு உறவினர் பார்க்கும் நாள். முஸ்பிறா பஸ்ஸில் தனியாக வந்தாள். பார்வையாளர் வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல மகளின் கொப்பியிலிருந்து கிழித்த படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கட்டார் என்று நினைத்து றுஸ்தா வரைந்திருந்த உயரமான வீடுகள். அதைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த வீடு எனக்கே சொந்தமில்ல. றுஸ்தாக்குள்ள வீடு. அத நான் எப்படி எழுதித் தாற?”

“எழுத வேணாம்” என்றான் நஜீம்.

“நீங்க வந்து கதவத் தட்டினா நான் திறப்பன். அது காணாதா?”

“எனக்குக் காணும். அவங்களுக்குத்தான் காணாது.”

முஸ்பிறா கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். காக்கா இனிமேல் தன்னை இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். ஆனாலும் திறப்பேன் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நஜீம் அடுத்த மாதங்களைக் கழித்தான். கதவைத் தட்டுவது, அவள் திறப்பது: அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புதன்கிழமைகளில் தலைமை வகுப்பு. பாஸ்டர் கைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பேசுவார்.

“ஆம்பிளை ஒருத்தன் தன்ட வீட்டில தலைவனா இல்லாட்டி, அவன் வேற எங்கயோ அடிமையாத்தான் இருப்பான். திறப்பு ஆர்ட கையிலயோ, வீடு அவர்ட கையில. தலைவனுக்கு வீட்டில ஒருத்தரும் நேரம் குறிக்கேலாது.”

நஜீம் கையை உயர்த்தினான். அவனிடம் குசும்பு ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாகத் தன் குறை என்ன என்று தேடிக்கொண்டிருந்தவன், தேறியவர் ஒருவரிடம் வழி கேட்க நினைத்தான்.

“பாஸ்டர், நீங்க ஆர்ட வீட்டில இரிக்கிற?”

பாஸ்டர் தங்கராசா பாண்டிருப்பில் தன் மனைவியின் சீதன வீட்டில் இருந்தார். வகுப்பில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பாஸ்டரின் கைப்பேசி அடித்தது. எடுத்து, ஓம் என்றார். பிறகு ஆறு மணிக்குள்ளே வந்துவிடுவேன், கேற்றைப் பூட்டிவிட வேண்டாம் என்றார். அன்றைய வகுப்பு அத்துடன் நிறைவடைந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது.

விஷயம் முகாமைத்துவக் குழுவுக்குப் போனது. ஏழு பேர்: பாஸ்டர், பவிதரன், ஓய்வுபெற்ற அதிபர் இளையதம்பி, ஒரு கணக்காளர், மூன்று பிரமுகர்கள். விசேட கூட்டம் கூடி, ஆளுக்காள் பார்த்துக்கொண்டபோது ஒரு சங்கடம் தெரியவந்தது. கல்யாணமாகாத பவிதரனைத் தவிர ஆறு பேரும் மனைவியின் வீட்டில் இருந்தார்கள். பவிதரன் அக்காவின் வீட்டில் இருந்தான். கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: ‘உறுப்பினர்களின் வதிவிடம் தொடர்பான விடயம் கலந்துரையாடலிலிருந்து நீக்கப்பட்டது.’

ஆனால் பதினைந்தாம் திகதி தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பதினொன்றைப் பன்னிரண்டாக்க வேண்டும். நஜீமுக்கு ஒரு நாள் வாடகைக்கு வீடு எடுக்கலாமா என்று யோசித்தார்கள்; ஒரு நாளைக்கு யாரும் தர மாட்டார்கள். இல்லத்தின் கோழிக்கூட்டுக்குத் தலைவனாக்கலாமா என்றார் கணக்காளர். கைநூலில் ‘வீடு’ என்றுதான் இருக்கிறது என்றார் பாஸ்டர். முப்பது வருடம் பாடசாலை நாடகங்கள் போட்ட இளையதம்பி அதிபர்தான் வழி சொன்னார். மேடையில் ஒட்டுப்பலகையால் ஒரு வீட்டின் முகப்பை நிறுத்துவது. அதுதான் குறியீட்டு வீடு. மனைவி வராவிட்டால் அவளுக்குப் பதிலாக ஒருவரை நிறுத்துவது. அவர் குறியீட்டு மனைவி. பாத்திரத்துக்கு ஆள் வேண்டும். இல்லத்தில் இருந்த ஒரே பெண் குசினி அக்கா.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அடுப்பில் சோறு கிடக்கிறது, தன்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். பாஸ்டர், இது ஓர் ஆத்துமாவின் விஷயம் என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பதினைந்தாம் திகதி எல்லாம் சிறப்பாக நடந்தது. பலகை வீடு எட்டடி உயரம். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பச்சைக் கதவு, ஒரு யன்னல், யன்னலில் ஒரு பூச்சாடி. தச்சன் நேர்மையானவன், கதவுக்கு உண்மையான பிணைச்சலும் கொண்டியும் போட்டிருந்தான். பின்பக்கம் இரண்டு முண்டுக்கட்டைகளும் மணல் மூட்டையும் மட்டும்தான். நஜீமுக்குப் புது வெள்ளைச் சட்டை போட்டு, வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் மாலை போட்டார். அக்காவுக்குப் பாஸ்டரின் மனைவியுடைய கூறைச்சேலை, தலையில் மல்லிகை. பாஸ்டர் இருவருக்கும் நடுவில் புத்தகத்தோடு நின்றார். அக்கா முழ நீள மரத் திறப்பொன்றை நஜீமிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, பகல் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது, குறை நினைக்க வேண்டாம் என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பவிதரன் படம் எடுத்தான்.

பின்பக்கம் தெரியாதபடி, வீடு முழுதாக விழும்படி, பார்த்து எடுத்த படம். பவிதரனின் கைப்பேசி படத்தில் விழுபவர்களை அழகாக்கும் வகை. அக்கா அதில் முப்பது வயதுக்குத் தெரிந்தார். இல்லத்தின் முகநூலில் உடனே போட்டார்கள். ‘சகோதரர் நஜீம் இன்று புது வாழ்வு தொடங்கினார். அவருக்கு வீடு கையளிக்கப்பட்டது.’

எங்கள் கரையில் எந்தப் பிள்ளையிடமாவது இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டுப்பாருங்கள். மாலை போட்ட ஆண், கூறை உடுத்த பெண், நடுவில் பாஸ்டர், பின்னால் புது வீடு, பெண்ணின் கையிலிருந்து ஆணின் கைக்குப் போகும் திறப்பு. அது கல்யாணம். பெண்ணோடு சீதன வீடும் கொடுத்திருக்கிறார்கள். வேறு விதமாகப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. பட்டம் பெற்றவர்களை மேலும் பத்து நாள் வெளித்தொடர்பு இல்லாமல் வைத்து உபதேசம் செய்வது கைநூலின் விதி. நஜீம் ஜெபக்கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிய அந்தப் பத்து நாளும், படம் அக்கரைப்பற்றில் கைப்பேசி கைப்பேசியாகப் போனது. கட்டாரில் இருக்கிறவன் கல்முனையில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டான் என்று இஹ்ஸானின் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

முஸ்பிறா நம்பவில்லை. இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒரேயொரு கேள்வி கேட்டாள். வீடு கொடுத்தது உண்மையா? எடுத்தவர் பாஸ்டர். ஒரு மனைவி நல்ல செய்தி கேட்கிறாள் என்று நினைத்தார்.

“ஓம் தங்கச்சி. கடவுள் கிருபையால வீடு கையளிச்சாச்சு. ஒரு அக்காதான் திறப்பக் குடுத்தவ. தம்பிட முகத்தில நீங்க அந்தச் சிரிப்பப் பாத்திருக்க வேணும்.”

பதினோராம் நாள் நஜீம் சான்றிதழும் ஆறு ரிப்பனும் மரத் திறப்புமாக அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் இறங்கினான். திறப்பை வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதும் விதி. வீட்டுக்குப் போய்க் கம்பிக்கதவைத் தட்டினான். முஸ்பிறா உள்ளே வந்து நின்றாள். திறக்கவில்லை. மரத் திறப்பைப் பார்த்தாள்.

“அங்க ஒரு வீடு கிடைச்சிரிக்கே. அங்க போங்க.”

“அது பலகை, முஸ்பிறா. முன்னுக்கு மட்டும்தான். பின்னால ஒண்டுமில்ல.”

“பாஸ்டரே ஓமெண்டு செல்லிட்டாரு.”

“அந்த அக்கா குசினியில சோறாக்கிற ஆள். எனக்கு நோன்புக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவ.”

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. முஸ்பிறாவின் முகம் இன்னும் இறுகியது. ஆனாலும் அவள் உள்ளே போய்விடவில்லை. அவளுக்கு அவனை நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் கொடுமை. தான் நம்பினாலும் உம்மாவும் காக்காவும் ஊரும் நம்பாது என்றாள். பலகை வீடு என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள், இல்லத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கொண்டுவாருங்கள், காக்காவின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத் திறக்கிறேன் என்றாள். அவன் தங்கச்சி றுஸ்னாவின் வீட்டுக்குப் போனான். விருந்தாளிக்குப் போடும் பாயைப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மச்சினன் அடிக்கடி இருமத் தொடங்கவே, எழுந்து கல்முனைக்குப் பஸ் ஏறினான்.

பாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். கடிதம் என்றதும் கதிரையில் சாய்ந்தார். தலைமையகத்துக்குப் போன அறிக்கையில், பன்னிரண்டாவது தலைமை மீட்பு, ஒரு வீடு கையளிப்பு என்று எழுதியாகிவிட்டது.

“தம்பி, நான் உங்களுக்காக எவ்வளவோ ஜெபிக்கிறன். ஆனா உங்களுக்காகப் பொய் சொல்லேலாது. எங்கட பதிவில அது வீடு. அந்த வீட்டக் காட்டித்தான் வாற வருசம் முப்பது பேருக்கு இடம் கேட்டிருக்கம். உங்கட ஒரு வீட்டுக்காக முப்பது வீட்ட உடைக்கச் சொல்லுறீங்களா?”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதைக் குறிக்க ஒரு படிவமும் இல்லை.

நஜீம் அப்படியானால் தன் பழைய கட்டிலில் கொஞ்ச நாள் படுக்கட்டுமா என்று பவிதரனிடம் கேட்டான். பவிதரன் கணினியைப் பார்த்தபடியே பேசினான்.

“பட்டம் எடுத்தாக்கள் நிக்கேலாது அண்ணன். திரும்பச் சேரவேணுமெண்டா திரும்ப ஐஸ் பாவிச்சிருக்க வேணும்.”

“நான் பாவிக்கல்லயே.”

“அதான் அண்ணன் பிரச்சின.”

குசினி அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நஜீமிடம் இலக்கத்தை வாங்கி, முஸ்பிறாவுக்குத் தானே எடுத்தார். “தங்கச்சி, அந்தப் படத்தில நிக்கிற ஆள் நான்தான்” என்று தொடங்கினார். மற்றப் பக்கம் தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் பதில் இல்லை.

வழி கடைசியில் பவிதரனின் கணினிக்குள்ளிருந்தே வந்தது. அடுத்த கிழமை கணக்காய்வு. சொத்துப் பதிவேட்டில் ‘வீடு 1: பயனாளி நஜீமுக்குக் கையளிக்கப்பட்டது’ என்று இருந்தது, ஆனால் வீடு களஞ்சிய அறையில் அரிசி மூட்டைகள்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. கையளித்த வீட்டை இல்லத்தில் வைத்திருப்பது விதிமீறல். பவிதரன் அவனைக் கூப்பிட்டு, வீடு சட்டப்படி அவனுடையது என்றும், கையெழுத்து வைத்துவிட்டு நாளைக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அறிவித்தான். நஜீம் கையெழுத்து வைத்தான். அவன் வாழ்க்கையில் அவன் பெயருக்கு எழுதப்பட்ட முதல் வீடு அது.

குசினி அக்காவின் தம்பியிடம் சின்ன லொறி ஒன்று இருந்தது. அடுத்த நாள் பகல் சாப்பாடு முடிந்ததும் வீட்டை அதில் நிமிர்த்திக் கட்டினார்கள். கல்முனைச் சந்தியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒவ்வொரு ஊராக, பச்சைக் கதவும் யன்னலும் பூச்சாடியுமாக அந்த வீடு போனது. நஜீம் பின்னால் முண்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடல் காற்றுக்கு வீடு இரண்டு தரம் விழப் பார்த்தது. அவன் தோளைக் கொடுத்தான்.

பின்னேரம் பள்ளியில் அஸர் தொழுது ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம், முஸ்பிறாவின் வீட்டுக்கு எதிரே இருந்த வெறும் வளவில் அதை இறக்கி நிறுத்தினார்கள். ஊர் கூடியது. ஒவ்வொருவராகச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். இஹ்ஸானும் வந்தார், கடைக்காரர் அல்லவா, பலகையின் தடிப்பைக் கையால் அளந்தார், முகம் சிறுத்துப் போய் ஒரு பக்கமாக நின்றார். ஆனால் பார்த்த ஒருவரும் தான் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. கட்டாரில் இல்லாதவன் இவ்வளவு நாளும் எங்கே இருந்தான் என்று இப்போது கேட்கத் தொடங்கினார்கள். நஜீம் சத்தமாகவே சொன்னான், ஐஸ் விட்டுத் திருந்தப் போயிருந்தேன் என்று. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

கம்பிக்கதவுக்குப் பின்னால் முஸ்பிறா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து வீட்டின் பக்கவாட்டு தெரிந்தது: விரல் தடிப்புக்கு ஒரு பலகை, அதற்குப் பின்னால் வெளி. இந்தப் பலகைக்காகவா தன் மனிதனை ஐந்து மாதம் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று நினைத்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளிருந்து சபியா உம்மா, நேரத்தோடு வந்து கதவைச் சாத்தச் சொன்னார். முஸ்பிறா கதவைச் சாத்தவும் இல்லை, கம்பிக்கதவைத் திறக்கவும் இல்லை.

அப்போதுதான் றுஸ்தா ஓதிவிட்டு வந்தாள். குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வளவில் நின்ற வீட்டையும் அதன் முன்னால் நின்ற வாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாப்பா, இது கட்டார்ல இரிந்து கொண்டு வந்ததா?”

நஜீம் முஸ்பிறா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தான். இத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லி முடித்தவனுக்கு, இந்த ஒரு ஆளிடம் மட்டும் வாய் வரவில்லை.

“ஓம் மகள்.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான். வேற ஆருக்கு?”

மரத் திறப்பை அவளிடம் கொடுத்தான். றுஸ்தா குர்ஆனை உம்மாவிடம் கம்பிகளுக்கூடாக நீட்டிவிட்டு ஓடினாள். பச்சைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யன்னலில் பூச்சாடிக்குப் பக்கத்தில் அவள் முகம் வந்தது.

“வாப்பா, இது என்ட வீடு. நீங்க வெளியில நிண்டு தட்டணும்.”

நஜீம் தட்டினான்.

“ஆரு?”

“வாப்பா.”

பிறகு றுஸ்தா வீட்டின் திறந்த பின்பக்கத்தால் எட்டி, எதிர்ப்பக்கம் நின்ற முஸ்பிறாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“உம்மா, வாப்பா வந்திரிக்காரு. திறக்கட்டா?”

முஸ்பிறாவின் கை கழுத்துக் கயிற்றில் இருந்தது. மூன்று அடி சுற்றி நடந்தால் நஜீம் உள்ளே போயிருக்கலாம்; பின்பக்கத்தில் சுவரே இல்லை. அவன் செருப்பைக் கழற்றி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றான்.